எரித்தவனின் கணக்கு

நீங்கள் இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி
என்று கேட்டார்கள்
சாவோ லூயிஸ் நகரத்தின் குளிரூட்டிய அறையில்.

மாமரத்தைச் சொன்னோம்.
மரம் கூண்டேறிச் சாட்சி சொல்லாது என்றார்கள்.
கிணற்றைச் சொன்னோம், மரவள்ளி மாவு வறுக்கும்
கொட்டகையைச் சொன்னோம்,
ஜுசாராத் தோப்பில் புதைந்தவர்களின்
பேர்களைச் சொன்னோம்.
அரிஸ்தேவு விரல்விட்டு எண்ணியதில் ஒரு பேர் குறைந்தது.
மன்னியுங்கள் என்று முதலிலிருந்து தொடங்கினான்.
எழுத்தர் பேனாவை மூடி வைத்தார்.
தாளில் இருக்க வேண்டும், அம்மணி.

தாளிலா?
தாளை விட்டுத்தானே ஓடினார்கள் எங்கள் ஆட்கள்.
விலைச்சீட்டில் பேர், ஞானஸ்நான ஏட்டில் பேர்,
சவுக்கடிக் கணக்கில் பேர்.
அத்தனையையும் கரும்பாலையில் கழற்றிப் போட்டுவிட்டு
இடுப்பளவு சேற்றில் இரவெல்லாம் நடந்தவர்கள்.
எவன் கணக்கிலும் வராத ஊருக்குத்தான்
கிலொம்போ என்று பேர்.
வந்திருந்தால் நான் இருந்திருக்க மாட்டேன்.

வழக்கறிஞர் ஸெலின்த்ரா ஏழு மாதம்
ஆவணக் காப்பகத்தில் தும்மிக்கொண்டிருந்தாள்.
எட்டாம் மாதம் போன் செய்தாள்:
கிடைத்துவிட்டது. முதலில் நீ உட்கார்.

ஒரு படைத்தலைவன் ஆளுநருக்கு எழுதிய கடிதம்.
பூச்சி அரித்தது போக மீதி:

மழை ஓய்ந்த ஒன்பதாம் நாள்
மேற்படி ஓடுகாலிகளின் குடியிருப்பைக் கண்டடைந்தேன்.
வீடுகள் அறுபத்திரண்டு, எரித்தேன்.
தறிகள் இரண்டு, எரித்தேன்.
அரை நாள் நடந்தாலும் தீராத மரவள்ளி,
பச்சையாக இருந்தபடியால் வெட்டிச் சாய்த்தேன்.
முரசு ஒன்று, எரித்தேன்.
எழுத்துப்போல் ஏதோ கீறிய பலகை ஒன்று,
பொருள் விளங்கவில்லை, எரித்தேன்.
பிடிபட்டோர் பதினொருவர்.
எஞ்சியோர் தப்பினர்.

ஓடுகாலி. நல்ல சொல்தான்,
ஓடுவதற்குக் கால் மிச்சமிருந்ததே.

எஞ்சியோர் தப்பினர்.
மை தீரும் அவசரத்தில் அவன் எழுதிய
இந்த இரண்டு சொல்லில்தான் நான் பிறந்தேன்.
என் தங்கை நொர்வீனா, அவள் வயிற்றில் இருப்பது,
அரிஸ்தேவு, அவனுடைய ஓட்டைப் படகு,
எல்லாம் இந்த இரண்டு சொல்லுக்குள்.

கொளுத்தியவனே எங்களுக்குச் சாட்சி.
அவன் கையெழுத்தை நீதிபதி நம்பினார்.
கோப்பில் சேர்த்தார்கள், முத்திரை குத்தினார்கள்.
நொர்வீனா கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.
மசக்கை என்றோம், கேட்டவர்களிடம்.

வெள்ளிக்கிழமை இரவுகளில்
பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
காஸ் சிலிண்டர் கிடங்கில் கூடிக் கவிதை படிப்போம்.
மைக் கரகரக்கும்.
அன்றைக்கு நான் எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை.
அவன் பட்டியலையே படித்தேன்,
வினையை மட்டும் மாற்றி.

வீடுகள் அறுபத்திரண்டு, வைத்திருந்தோம்.
தறிகள் இரண்டு, வைத்திருந்தோம்.
அரை நாள் நடந்தாலும் தீராத மரவள்ளி, வைத்திருந்தோம்.
முரசு ஒன்று
என்றதும் பின்வரிசையில் காலிச் சிலிண்டர் ஒன்று அதிர்ந்தது,
ஒரே ஒரு தட்டு.
வேண்டுமென்று தட்டினார்களா, கால் இடறியதா, தெரியாது.

பலகையில் வந்து நின்றுவிட்டேன்.
பொருள் விளங்கவில்லை என்பதை எப்படி மாற்றுவது?
எனக்கும்தான் விளங்கவில்லை.
மன்றாட்டா, உப்புக் கடன் கணக்கா,
யாரோ ஒருத்தி யாரோ ஒருவனைத் திட்டியதா.

வாசலில் ஒரு பத்திரிகைக்காரி கேட்டாள்:
நீங்கள் படித்தது கவிதையா, புகாரா?
வீட்டுச் சாமான் பட்டியல் என்றேன்.
அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பட்டா இன்னும் வரவில்லை.
யூகலிப்டஸ் கம்பெனியின் வேலி
போன வாரம் கிணற்றுக்கு இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது.
ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டிருக்கிறார்கள், சிவப்பில்.
மனுவின் நகலுக்குப் பின்புறம்
அந்த எண்களைக் குறித்துக்கொண்டு வருகிறேன்.
நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது.
அதற்குக் கீழே
பலகையில் இருந்திருக்கக்கூடிய முதல் வரி,
எழுதியது, அடித்தது,
திரும்பவும் எழுதியது.